முதிரைத் தூள்

தேங்காய் முடிந்துவிட்டது என்றுதான் துஷாரா கடைசியாகச் சொன்னாள். "வரும்போது ரெண்டு எடுத்துட்டு வாங்க. பெரிசா பார்த்து எடுங்க, போன தடவ மாதிரி எலுமிச்சங்காய் அளவுல தூக்கிட்டு வராதீங்க." நான் சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு இரத்தோட்டைக் கடைத்தெருவுக்கு இறங்கினேன்.

நிரோஜா, உன் அக்கா துஷாராவுக்கு அன்று என்ன நடந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். கருமாதி அன்றும் கேட்டாய். வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுதித் தருகிறேன்.

எங்கள் கிட்டார்ப் பட்டறையை நீ பார்த்திருக்கிறாய். ஆனால் அதில் யார் என்ன செய்தோம் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. கிட்டாருக்குள் ஒட்டும் சீட்டில் என் பெயர் இருக்கும். மரத்தை வளைப்பதும் ஒட்டுவதும் சீவுவதும் நான். முன்பலகையை எவ்வளவு சீவ வேண்டும் என்று சொல்வது அவள். பலகையை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, விரல் முட்டியால் தட்டுவாள். "இன்னும் ஊமையாத்தான் இருக்கு. நடுவுல கொஞ்சம்." சீவுவேன். மறுபடி தட்டுவாள். "போதும், கையை எடுங்க." அந்தப் 'போதும்' எங்கே வருகிறது என்பது பதினொரு வருடம் பக்கத்தில் நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு எல்லாப் பலகையும் ஒரே மாதிரித்தான் கேட்கும். "காது என்னுது, பேரு அவருது" என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

பக்கங்களுக்கும் முதுகுக்கும் முதிரை மரம் போட்டோம். முதிரைத் தூள் சிலருக்கு ஆகாது. அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தத் தூள் இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த வாரமே முதிரைப் பலகை எல்லாவற்றையும் விற்றுவிட்டு மஹோகனிக்கு மாறினேன். முதிரைத் தூள் போத்தல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒட்டில் இடைவெளி விழுந்தால் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைப்போம். அதற்காக ஒவ்வொரு மரத்தின் தூளையும் சலித்துத் தனித்தனிப் போத்தலில் வைப்பது எங்கள் வேலையில் வழக்கம். பழைய கிட்டார் ஏதாவது பழுதுக்கு வந்தால் வேண்டுமே என்றுதான் வைத்தேன்.

நான்கு மாதத்தில் தேறிவிட்டாள். தேறியதும் மாத்தளையில் இசை வகுப்பு எடுக்கிற வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். "கெழமையில அஞ்சு நாள் நிரோஜா வீட்டுல இருந்துக்கிறேன். சனி ஞாயிறு வந்து தட்டித் தாரேன்." அந்தச் சனி ஞாயிறு எத்தனை மாதத்துக்கு வரும் என்று நான் கேட்கவில்லை. அவள் போனால் பட்டறையில் நான் வெறும் தச்சன்.

முதல் தடவை நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. முதிரைக் கிட்டார் ஒன்றைப் பழுதுபார்த்துவிட்டு, அலுப்பில் அதே சட்டையோடு வந்து படுத்தேன். விடியும்போது அவளுக்கு இழுத்தது. அன்று அந்த வேலைக்கு அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வேன்" என்றாள். அந்த வாரம் முழுவதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பலகைகளைத் தட்டித் தந்தாள். நாங்கள் அவ்வளவு இணக்கமாக இருந்து வெகுநாளாகியிருந்தது.

பிறகு அவள் மாத்தளைப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவள் தலையணை உறைக்குள் அந்தத் தூளில் ஒரு சிட்டிகை போட்டேன். ஒரு சிட்டிகைதான். ஐந்து தடவை இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மரத்தை மணத்தால் சொல்லக்கூடியவள் அவள். மூக்கடைப்பில் அது போய்விட்டிருந்தது. அது எனக்கு வசதி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இன்ஹேலர் எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும், அவள் தேடி அலையக்கூடாது என்று. இழுக்கத் தொடங்கினால் ஒரு நிமிடத்தில் பக்கத்தில் நிற்பேன். "அத்தான் மாதிரி யாரு பார்ப்பாங்க, அக்கா குடுத்து வச்சவ" என்று நீயே சொன்னாய். நீ சொன்னது பொய்யில்லை.

கடைசியில் அந்த வேலை உறுதியாகிவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். புது மருந்து அவளுக்குப் பிடித்துக்கொண்டதால் சிட்டிகை போதவில்லை. சனிக்கிழமை மூன்று தேக்கரண்டி போட்டேன். ஞாயிறு காலையிலும் இலேசாக இருமினாள், அவ்வளவுதான். தேங்காய் வாங்கச் சொன்னாள். போனேன்.

உன் வீட்டுத் தலையணை உயரம் என்று அவள் தன்னுடையதையே கொண்டுவர நினைப்பாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. துவைப்பதற்கு உறையைக் கழற்றி உதறியிருக்கிறாள். மழை என்பதால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான் கடையில் ஒவ்வொரு தேங்காயாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாள். உறை கையில் இருந்தது. இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது.

ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தார்கள். அது சரிதான். அதை அவள் தலைக்கடியில் வைத்தவன் நான். அவளைக் கொல்ல நான் நினைத்ததேயில்லை. என்னோடு இருக்கச் செய்யத்தான் பார்த்தேன். அவளும் மாத்தளைக்குப் போகவில்லை.

இந்தத் தாளைப் பொலிஸில் கொடுப்பதென்றால் கொடு. மறுக்கமாட்டேன்.

கீழே தோட்டத்து லய வீடுகளில் யாருக்காவது மூச்சு இழுத்தால் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பழக்கம் என்கிறார்கள். நேற்றும் போய்வந்தேன்.