வண்டியண்ணனுக்கு வழி சொன்ன ராத்திரி

யாருக்காவது பாத்ரூம் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் துணைக்கு வான்னு என்னைக் கூப்பிடக் கூடாது, நான் வர மாட்டேன். அந்த ஜன்னலைச் சாத்து. சரி... இது என் கூட வேலை பாக்குற ஒருத்தனோட மாமாவுக்கு நடந்தது. மெக்கானிக். பேய் பிசாசுன்னா கெக்கெக்கேன்னு சிரிக்கிற ஆளு. இப்போ சிரிக்கிறதில்ல.

ராத்திரி பதினொண்ணரை இருக்கும். சுடுகாட்டுல இருந்து ஊருக்குள்ள வர்ற ரோடு. ரெண்டு பக்கமும் பொட்டல், பேருக்குக் கூட ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டுல மாமா தனியா ஒரு வேனை ஓட்டிக்கிட்டு வர்றாரு. பொணம் ஏத்துற வேன். காலி.

ஏன் காலின்னா, உள்ள இருந்தவரை அடக்கம் பண்ணியாச்சு. அந்த வேனோட சொந்தக்காரரையேதான். ஊரே அவரை வண்டியண்ணன்னு கூப்பிடும். நாதியில்லாம யாராவது செத்துட்டா, ஆஸ்பத்திரியா இருக்கட்டும், ரோட்டோரமா இருக்கட்டும், அவருக்குத்தான் ஃபோன் வரும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கையைக் கழுவிட்டுக் கிளம்பிடுவாரு. அவரே குளிப்பாட்டி, அவரே தூக்கி வச்சு, அவரே குழியில இறக்குவாரு. பெத்த பிள்ளை கூட அப்படிச் செய்யாது. மாமாதான் அந்த வேனுக்கு வைத்தியர். பல தடவை கூடவும் போயிருக்காரு.

வண்டியண்ணன்கிட்ட ஒரு பழக்கம். போறப்போ பின்னாடி படுத்திருக்கிற ஆளுகிட்ட பேசிக்கிட்டே போவாரு. ஐயா, இங்க இடது பக்கம் திரும்புறோம்... அம்மா, மேடு வருது, கொஞ்சம் தூக்கிப் போடும்... இப்படி. மாமா கிண்டல் பண்ணா, செத்தவங்களுக்கு வழி தெரியாதுடா, யாராவது சொன்னாத்தான் போய்ச் சேருவாங்கன்னு சொல்வாரு. ஆனா அடக்கம் முடிஞ்சு திரும்பி வர்றப்போ வாயே திறக்க மாட்டாரு. பேச்சுக் கொடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டுவாரு. பாவம், மனசு பாரம்னு மாமா விட்டுடுவாரு.

அவரோட அடக்கத்தன்னைக்கு கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். ஆளாளுக்குக் குழிப் பக்கத்துல நின்னு பேசுறாங்க. நான் வெளியூர்ல மாட்டிக்கிட்டேன், எங்கப்பாவை இவர்தான் கொண்டு போய்ச் சேர்த்தாருன்னு ஒருத்தர் தேம்பித் தேம்பி அழறாரு. கடைசியில ஒரு கேள்வி வந்துச்சு. இனிமே இந்த வண்டியை யார் ஓட்டுறது? அதுவரைக்கும் பேசின வாயெல்லாம் கப்சிப். மாமாதான் கையைத் தூக்கினாரு.

வீட்டுல மாமாவும் அவர் சம்சாரமும் ரெண்டே பேர்தான். அந்தம்மா பயந்த சுபாவம். கரப்பான் பூச்சியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிக்கிற ஆளு. அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு, எல்லாரும் போனப்புறமும் மாமா குழிப் பக்கத்துலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் கிளம்பினாரு.

வண்டி வருது. என்ஜின் சத்தத்தை விட்டா ஒண்ணுமில்ல. மாமாவுக்கு அப்பத்தான் நினைப்பு வந்துச்சு. ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனுஷன்... அவருக்கு நாம ஒரு வார்த்தை சொல்லலையே. போறப்போ முன்னாடியும் பின்னாடியும் ஜனம், வெக்கப்பட்டுக்கிட்டு வாயைத் திறக்கல. இப்போ யார் இருக்கா?

"அண்ணே... பாலம் வருது. இறங்கினதும் வலது பக்கம் திரும்புறோம்."

பின்னாடி இருந்து... "ம்."

கதை கேக்குறப்போ நாம போடுவோமே, அதே மாதிரி. இப்போ நீங்க யாரும் போட வேணாம், சும்மா கேளுங்க.

மாமாவுக்குப் பயம் வரலையாம். சந்தோஷம் வந்துச்சாம். அண்ணன்தான்னு நினைச்சாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தாரு. பெட்ரோல் பங்க் வருதுண்ணே... மருந்துக் கடை... ஸ்கூல் சுவர்... ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இருந்து பதில் வருது.

ஸ்கூல் தாண்டி ஒரு வேகத்தடை. காலி வண்டின்னா பின்பக்கம் துள்ளும். லோடு இருந்தா அடியில ஸ்பிரிங் பட்டை அமுங்கி முனகும். மெக்கானிக்குக்குத் தெரியாதா? அன்னைக்கு அமுங்குச்சு. கிர்ர்ர்ர்... அடிப்பக்கம் ரோட்டுல உரசுது. ஒரு ஆளோட கனம் இல்ல அது. ஈர மண் வாசனை வேற, வண்டி முழுக்க.

அதுக்குள்ள வாய், சொல்லிக்கிட்டே வந்த வேகத்துல, சொல்லிடுச்சு.

"இங்க இடது. இதான் நம்ம தெரு. அந்தப் பச்சைக் கதவு நம்ம வீடு."

"ம்."

ஒரு குரல் இல்ல. ஆம்பளை, பொம்பளை, இருமிக்கிட்டே ஒரு கிழவர், மழலையா ஒரு குழந்தை... எல்லாம் சேர்ந்து.

அப்பத்தான் மாமாவுக்கு உறைச்சுது, வண்டியண்ணன் திரும்பி வர்றப்போ ஏன் வாயைத் திறக்கலன்னு. பின்னாடி இருக்கிறது அண்ணன் அடக்கம் பண்ணவங்க, அத்தனை பேரும் போக்கிடம் இல்லாதவங்க. கூப்பிட ஆள் இல்லாதவங்க. அவங்களுக்கு மாமா தன் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லிட்டாரு.

வாசல்ல விளக்கு எரியுது. சம்சாரம் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மாமா நிறுத்தல. ஆக்சிலேட்டரை ஒரே மிதி, தாண்டிப் போயிட்டாரு. எங்கயாவது தூரமா கொண்டு போய் விட்டுடணும், அவ இருக்கிற வீட்டுக்கு மட்டும் இதுங்க வரக் கூடாது. அவ்வளவுதான் மனசுல.

தெரு முனையில அடுத்த வேகத்தடை... வண்டி துள்ளுச்சு. தடதடன்னு, வெறும் டப்பா மாதிரி. மண் வாசனை இல்ல. அண்ணேன்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தாரு. பதில் இல்ல. அப்பாடா, போயிட்டாங்கன்னு ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சு ஓன்னு அழுதாராம். ஆனாலும் உடனே வீட்டுக்குப் போகத் தைரியம் வரல. விடியற வரைக்கும் ரோடு ரோடா சுத்தினாரு, வாயை இறுக்கி மூடிக்கிட்டு.

வெளிச்சம் வந்ததும் வண்டியை ஷெட்டுல விட்டுட்டு நடந்தே வந்தாரு. கதவு திறந்தே கிடந்துச்சு. பதறிப் போய் சம்சாரத்தோட பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே உள்ள ஓடினாரு.

அந்தம்மா அடுப்புக்கிட்ட நிக்கிறாங்க. அடுப்புல அந்த வீட்டுலயே பெரிய பாத்திரம். முகத்துல பயம்னு ஒரு பொட்டு இல்ல. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

"மெதுவா பேசுங்க. எல்லாரும் இப்பத்தான் கண்ணசந்தாங்க... இடம் பத்தல, அந்தக் குழந்தையை மட்டும் நம்ம கட்டில்ல போட்டிருக்கேன்."