அம்பத்தோரு கிலோ சாம்பியன்

...ரெடியாம்ணே, ரெடி. சொல்றது யாரு? பஸ் ஸ்டாண்டுல முடிவெட்டுற பிச்சைமணி. நாள் பூரா அவன் குனியச் சொன்னா எல்லாரும் குனியிறாகள்ல, அதுல அவனுக்கு ஒரு நெனைப்பு. எதிராளியும் அப்படித்தான் தலையக் குடுத்துட்டு உக்காந்திருப்பான்னு. 'சின்னப்பராஜு பெரிய ஆளுகளோட மோத ரெடியாயிட்டான், இன்னமும் சில்லரைப் பயகளோட விட்டா நமக்குத்தான் அசிங்கம்'கிறான். யாருக்கு அசிங்கம்? அடி வாங்கப்போறது இவனா?

நீங்க உக்காருங்கண்ணே. சாக்கு அங்கனயே இருக்கட்டும், மொளகா வத்தலுக்குக் காலா மொளைக்கப்போகுது. வருசநாட்டுலருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்துருக்கீக, செத்த மூச்சு வாங்கிக்கங்க. எடை போடுறவன் நான் இங்கனதான இருக்கேன்.

சின்னப்பராஜு யாரா? அது சரி. என் தங்கச்சி இருதயம்மா மகன்ணே. இந்தக் கடையிலதான் மூட்டை தூக்குறான். ஆளு இத்தினிக்காணுதான் இருப்பான், ஆனா பாக்ஸிங்கு. குத்துச்சண்டை. கம்பம், போடி, சின்னமனூரு எல்லாத்துக்கும் அவன்தான் சாம்பியன். எங்க மாதா கோயில் திருவிழாவுல ஆரம்பிச்சான், பதினோரு போட்டி, பதினொண்ணும் ஜெயிப்பு. மூணு வாரத்துக்கு முந்தி தேவாரத்துக்காரன் ஒருத்தன விட்டான் பாருங்க ஒண்ணு... அவன் கண்ணு முழிச்சதும், 'போடி பஸ் போயிருச்சா'ன்னு கேட்டான்.

ஆனா யாரையெல்லாம் ஜெயிச்சான், அதைக் கேளுங்க. ஒருத்தன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுறவன். ஒருத்தன் ஏலக்கா கிட்டங்கியில காவல்காரன், அவனே ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்து மேடையில கொட்டாவி விட்டான். இன்னொருத்தன் மேடை ஏறுனப்பறம்தான் இது மல்யுத்தம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டான். இவுகளச் சாச்சதை வச்சு ஒருத்தன ரெடின்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேணாம், நானே சொல்றேன். கூடாது.

இதுல எல்லாம் எடை கணக்குண்ணே. அம்பத்தோரு கிலோவுக்குள்ள இருந்தா ஒரு வகுப்பு, அதுக்குப் பேரு ஃப்ளை. ஃப்ளைன்னா ஈயாம். அதைத் தாண்டி அம்பத்தினாலு வரைக்கும் பேன்டம், அது சேவலாம். வெள்ளக்காரன் வச்ச பேரு, நாம என்ன செய்ய. நாளைக்கி மதுரையில போட்டி. அதுல ஜெயிச்சா மெட்ராஸு, அங்கன நல்லா ஆடுனா ரயில்வேயில வேலை. மூட்டை தூக்குற பயலுக்கு ரயில்வே வேலைண்ணே. தகப்பன் இல்லாத பய.

ஈ வகுப்புல வர்றது பூரா காலேஜ் பயக. விசாரிச்சுட்டேன். ஒருத்தனும் நம்மாளு முன்னாடி நிக்க மாட்டான். சேவல் வகுப்புல யாரு வர்றான் தெரியுமா? வீரபாண்டின்னு ஒரு பட்டாளத்துக்காரன். மூணு வருசமாத் தோக்கல. அவன்ட்ட அடி வாங்குன திண்டுக்கல் பய ஒரு வாரம் கஞ்சியத்தான் குடிச்சான். பெத்த ஆத்தா பேரைக் கேட்டா இன்னைக்கும் ரெண்டு நிமிசம் யோசிச்சுத்தான் சொல்றானாம். இந்தப் பிச்சைமணி என்ன சொல்றான்னா, 'நம்ம பயலுக்கு நாலு வேளை நல்லாப் போடு, எடை ஏத்தி அந்த வீரபாண்டியோட மோத விடு, அவனச் சாச்சாத்தான் சாம்பியன்'கிறான். சின்னப்பராஜும் அதுக்குத் தலையாட்டுறான். நான் முடியாதுன்னுட்டேன். இன்னும் ரெண்டு வருசம் ஈயாவே இருக்கட்டும்னுட்டேன்.

அம்பத்தோருல நிப்பாட்டுறது லேசுப்பட்ட காரியமா? ஒரு மாசமாக் கேப்பக் கூழு, அதுவும் தண்ணியா. 'மாமா, ஒரு கை சோறு'ன்னு கேப்பான், எனக்குக் கண்ணு கலங்கிரும், இருந்தாலும் குடுக்க மாட்டேன். என் தங்கச்சி இருக்காளே, திருட்டுத்தனமா முட்டைய அவிச்சு அவன் சட்டைப் பையில போட்டு விடுவா. நான் பையத் தடவிப் பாக்குறது. ஒருநா அவசரத்துல அவிக்காத முட்டையப் போட்டுட்டா போல, நான் தடவவும்... சரி அதை விடுங்க. போன வாரம் தலைக்கு மொட்டையே போட்டு விட்டேன். முடியும் எடைதான? பிச்சைமணிதான் செரைச்சான், அழுதுக்கிட்டே. கிராப்பு வச்சு மதுரை மேடையில நிறுத்தணும்னு ஆசைப்பட்டிருந்தானாம்.

தெனமும் வெள்ளன ஆறு மணிக்கி, இந்தா, இதே தராசு. கோவணத்தோட ஏறி நிப்பான். குண்டைத் தள்ளுவேன், தண்டு நேரா நிக்கும், சத்தமாச் சொல்லுவேன், அம்பத்தொண்ணு. நேத்து அம்பத்தொண்ணு. இன்னைக்கிக் காலையிலயும் அம்பத்தொண்ணு. ஊருல நடந்த பதினோரு போட்டிக்கும் ரெண்டு பக்கத்து ஆளுகளையும் எடை போட்டது நாந்தான். இருபது வருசமாப் போடுறேன்ணே. மிக்கேல் சொன்ன எடைன்னா இந்த மார்க்கெட்டுல மறு எடை கெடையாது.

காலையில பிச்சைமணிதான் பயல மதுரைக்கி பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனான். எனக்கும் போகத்தான் ஆசை. சனிக்கிழமை சந்தையும் அதுவுமா அய்யாத்துரை மொதலாளி விடுவாகளா? மூணு மணிக்கி அங்கன எடை பாப்பாக. அது ஒண்ணுதான் எனக்குக் கவலை இல்ல.

சரி சரி, எந்திரிக்காதீக, போடுறேன். சாக்கை ஏத்துங்க. செத்த அங்கிட்டுத் தள்ளுங்க. கைய எடுங்கண்ணே... ம்... நாப்பத்தொண்ணு. எழுதிக்கிறேன்.

என்னது? நாப்பத்திமூணு காட்டுதா? ஆமா, காட்டுது, யாரு இல்லேன்னா? ரெண்டு கழிச்சுத்தான் சொல்லுவோம். கழிவுண்ணே. சாக்குக்கு ஒண்ணு, தூசி தும்புக்கு ஒண்ணு. புதுசா வர்றீகளா மார்க்கெட்டுக்கு?

அட, மூஞ்சியத் தூக்காதீக. ஒங்களுக்குன்னு தனியாவா கழிக்கிறேன். இருபது வருசப் பழக்கம், கண்ணு நாப்பத்திமூணைப் பாக்கும், வாயி நாப்பத்தொண்ணுங்கும். நடுவுல நான் எதுக்கு? மொதலாளி வீட்டுப் புளி வந்தாலும் ரெண்டு போகும். கிறிஸ்மஸுக்கு என் மச்சினிச்சி ஆறு மாசப் பிள்ளையத் தூக்கிட்டு வந்தா, எடை பாருங்க மச்சான்னு. ஏத்திப் பாத்து நாலரைன்னேன். 'ஐயோ பிள்ள எளைச்சுப்போச்சே'ன்னு அழுதுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கி ஓடுனா. அங்கன ஆறரைன்னாகளாம். ஆஸ்பத்திரித் தராசு ரிப்பேரா இருக்கும்னு சொல்லி அனுப்புனேன். அம்புட்டுப் பழக்கம்ணே. இதுல யாரு ஏறுனாலும் ரெண்டு...

யாரு ஏறுனாலும்...

அண்ணே, ஒரு நிமிசம். பேசாதீக. பேசலதான், இருந்தாலும் பேசாதீக.

கோவணத்தோட ஏறுனான்ணே அவன். குளிச்சுட்டு வந்து ஏறுனான். சாக்கும் இல்ல, தூசியும் இல்ல. தண்டு எங்க நின்னுச்சு காலையில? குண்டு அம்பத்திமூணுலதான இருந்துச்சு... அம்பத்திமூணுலதான் இருந்துச்சு. நான்தான் வாயால அம்பத்தொண்ணுன்னுருக்கேன். ஆத்தாடி. பதினோரு போட்டிக்கும் எல்லாப் பயகளுக்கும் கழிச்சுருக்கேன். எல்லாருக்கும் சமமாக் கழிஞ்சதுல ஒருத்தனுக்கும் தெரியாமப் போச்சு.

மணி என்ன? ரெண்டே முக்காலா? ட்ரங்க் கால் போட்டா லைன் கெடைக்கவே பொழுது அடைஞ்சுரும். கெடைச்சுத்தான் என்ன சொல்ல? மொட்டையும் போட்டாச்சு, இன்னும் எதை வெட்ட? கால் மணி நேரத்துல ஏத்துவாக, அம்பத்திமூணும்பாக, நீ ஈ இல்ல, சேவலுன்னு எழுதிருவாக. நாளைக்கி வீரபாண்டி. பிச்சைமணி ஆசைப்பட்டதை என் கையாலயே செஞ்சு அனுப்பிருக்கேன். ஒரு மாசம் பட்டினி வேற போட்டு.

இருதயம்மாட்ட என்ன சொல்லுவேன்? அவ புருசன் செத்தன்னைக்கி, 'அண்ணே, இவன நீ பாத்துக்க'ன்னு என் மடியில ஒக்கார வச்சா. பயமா இருக்குண்ணே. நெசமாவே பயமா இருக்கு.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இம்புட்டுப் பட்டினியிலயும் தேவாரத்துக்காரன ஒரே குத்துல படுக்க வச்சானா இல்லையா? அவன் எடது கை வர்றதே தெரியாதுண்ணே, வந்தப்பறம்தான் தெரியும். சேவல் வகுப்புல இன்னும் ஒரு கிலோ எடமிருக்கு, இன்னைக்கி ராத்திரி வயிறாரச் சாப்புடலாம். பட்டாளத்துக்காரனுக்கும் ரெண்டு கைதான? பிச்சைமணி வாய் பெருசுதான், ஆனா பதினோரு போட்டிக்கும் மேடைக்குப் பக்கத்துலயே நின்னவன் அவன். நான் கண்ணைப் பொத்திக்கிட்டு நின்னேன். என் பயத்துக்குப் பயல ஈயாக்கி வச்சுட்டேன். அவன் ரெடியாத்தான் இருக்கான். எப்பவோ ரெடி... என்னண்ணே?

என்னண்ணே, சாக்கைத் தூக்கிட்டுக் கெளம்புறீக? நில்லுங்க. எதுத்த கடைக்கி வேணாம், அவன் மூணு கழிப்பான். இங்க பாருங்க, அடிச்சு எழுதுறேன். நாப்பத்திமூணு. முழுசா நாப்பத்திமூணு. கழிவு வேணாம், ஒண்ணும் வேணாம். பய தாங்குவான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே.