முப்பத்தொரு முறை விழுந்த எட்டுப் பேர்

எண்களின் நெரிசலுக்கு நடுவே இந்த அவையை ஒழுங்காக நடத்திவரும் தலைவர் அவர்களே, அவசரம் அவசரம் என்று அறிக்கை கேட்டு எங்கள் தலையை நரைக்கவைத்த மேலாளர் பெருமக்களே, அந்த அறிக்கையைத் திறந்தும் பாராத பெரியோர்களே, வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை தட்டு என்று கணினி இல்லாமலே கணக்காகச் சொல்லும் தாய்மார்களே, என்னைப் போலவே தப்பு செய்து இதுவரை தப்பித்திருக்கும் தோழர்களே, வணங்கித் தொடங்குகிறேன்.

ஜாயின் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜாயின் என்பது என்ன? கணினியில் இரண்டு டேபிள்களை, அதாவது இரண்டு பட்டியல்களை, இணைக்கும் ஒரு கோடு. மவுஸால் இழுத்தால் விழும் கோடு. அந்தக் கோட்டால் ஓர் அம்மையாரின் முப்பதாண்டு உழைப்பை முறிக்கப் பார்த்தவன் உங்கள் முன் நிற்கிறேன். கை தட்டாதீர்கள் ஐயா, இது பெருமை இல்லை.

மருத்துவமனை ஒன்றில் ரிப்போர்ட் தயாரிப்பவன் நான். நோயாளி தவறி விழுந்தால் பதிவாகும். மாதம் ஒருமுறை வார்டுவாரியாகக் கூட்டிக் கொடுப்பேன். மற்ற வார்டுகளில் நான்கு, ஐந்து. முதியோர் வார்டில் முப்பத்தொன்று. அதைச் சிவப்பில் தடித்த எழுத்தில் நானே அலங்கரித்தேன். அந்த வார்டின் தலைமைச் செவிலியரை நீக்குவதா என்று முடிவெடுக்கப் பதினொரு மணிக்குக் கூட்டம். பத்தேகாலுக்கு அவரே என் மேசை முன் நின்றார்.

"தம்பி, என் வார்டுல இருக்கறதே இருபது கட்டில். விழுந்தவங்கள்லாம் எழுந்து வந்து மறுபடி விழுந்தாங்களா?"

சிஸ்டம் தப்பு பண்ணாது சிஸ்டர் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். திறந்ததும் சிரிப்பு செத்தது. விழுந்தவர் பட்டியலை மருத்துவர் பட்டியலோடு இணைத்திருந்தேன். மற்ற வார்டுகளில் ஆளுக்கு ஒரு மருத்துவர். முதியவருக்கோ இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர். எத்தனை மருத்துவரோ அத்தனை முறை விழுந்தவர் பெயர் வந்திருந்தது. ஒரு முறை விழுந்தவரை நான்கைந்து முறை விழவைத்தது யார்? ஈரத் தரையா? இல்லை. செவிலியரா? இல்லை. இந்தப் பக்கம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை என்று கேளாத நான். அந்தக் கேள்விக்குத்தான் கார்டினாலிட்டி என்று பெயர்.

மணி பத்து நாற்பது. ஆளுக்கு ஒரு முதன்மை மருத்துவரை மட்டும் வைத்து இன்னர் ஜாயின் போட்டேன். இரண்டு பக்கமும் பதிவு இருந்தால்தான் உள்ளே விடும் கறாரான வாயிற்காவலன் அது. ஏழு என்று வந்தது. துள்ளிக் குதிக்காத குறை. செவிலியரோ திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"எட்டு தம்பி. பதினாறாம் கட்டில் அம்மாவைக் காணோம். சேர்ந்த அன்னிக்கே விழுந்தாங்க. டாக்டர் யாருன்னே இன்னும் போடல."

"ஏழுன்னா உங்களுக்கு நல்லதுதானே சிஸ்டர்?"

"விழுந்தவங்களை விழலைன்னு சொல்றது எனக்கு எப்படிப்பா நல்லது?"

சபையோரே, வேலை போகப்போகிறவர் கேட்ட கேள்வி அது. லெஃப்ட் ஜாயினாக மாற்றினேன். மருத்துவர் இல்லாவிட்டாலும் விழுந்தவர் விடுபடமாட்டார். எட்டு.

கூட்டத்தில் என் மேலாளர், கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறாமே என்று எனக்கொரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செவிலியர் மட்டும் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சுது சார். தப்பு என்னோடது."

இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுங்கள். பின்னால் வந்த மெமோவையும் விட்டுவிடுங்கள். அடுத்து அந்த அம்மையார் சொன்னதைக் கேளுங்கள்.

"எட்டும் அதிகம்தான் சார். அதுல அஞ்சு பேரு கழிவறை வாசல்லதான் விழுந்தாங்க. அங்க பிடிச்சுக்க ஒண்ணுமில்ல."

முப்பத்தொன்று ஓர் ஆளைப் பலிகேட்டது. ஏழு ஓர் அம்மாவை மறைத்தது. எட்டு, சுவரில் ஒரு கைப்பிடி கேட்டது. மறுநாளே பொருத்தினார்கள். அந்த வார்டை இன்றும் அவரே நடத்துகிறார்.

இந்நேரம் வரை எழுந்து போகாத உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறி, கோடு இழுக்கும் எல்லாக் கைகளையும் கூப்பி வணங்கி அமர்கிறேன்.