யானை வந்தால் பேசுகிறவன்

பிள்ளைகளே, வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் இதைக் கேட்டேன். மலையை மேகம் மூடியிருந்த காலை. முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"யானை வரலன்னா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குதுக்கா," என்றாள் இளையவள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? தோப்பே போயிரும்!"

"மலையிலருந்து யானை எறங்குதுன்னு ஊரு வாட்சப் குரூப்புல போட்டாத்தான எம்மகன் பேசுதான். பனிமலையில பட்டாளத்துல கெடக்கான். எனக்கு 'நல்லாருக்கேன்'னு ஒத்த வார்த்தைதான் அனுப்புவான். குரூப்புல மட்டும், யாரு தோப்பு, எந்த மாமரம், தென்னங்கன்னு பொழைச்சுச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பான். அதை வாசிச்சுக்கிட்டே தூங்கிருவேன்."

அக்காவின் முகம் மாறியது.

"எங்க வீட்டுக்காரருதான அந்தக் குரூப்பை நடத்துதாக. வெளியூர்க்காரவுகளுக்கு யானையால என்ன சோலின்னு, அவுகளையெல்லாம் இன்னைக்குக் குரூப்புலருந்து எடுக்கேன்னு சொன்னாக."

இளையவள் ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா போனை எடுத்தாள்.

"ஏங்க, பட்டாளத்துப் பையனையும் எடுத்துட்டீகளா? எடுத்தாச்சா? இப்பவே மறுபடி சேருங்க. வெளியூர்லயா இருக்கான்? யாரு சொன்னா? அவன் இன்னமும் நம்ம தோப்புக்குள்ளதான் நிக்கான்."