வளையல் துண்டு

அபி: சார், வாசல்ல தொங்குற போர்டுல என் பேரப் போடுங்க.

மஞ்சு: அய்யோ... அபி...

கோவர்த்தனன்: இன்னாது?

அபி: "அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர், மோகன்ராஜ்"னு இருக்குதே, அதக் கழட்டுங்க. அபிகாயில்னு போடுங்க.

மஞ்சு: சார், நான் சொல்லிட்டேன் சார் இவகிட்ட. லீவு கேளு, புது ஃபேன் கேளு, அந்த போர்டப் பத்தி மட்டும் சார்கிட்ட வாயத் தொறக்காதன்னு. இப்பதான், டீ குடிக்கிறப்ப!

கோவர்த்தனன்: பாரு, ரிசப்ஷன்ல உக்காந்துக்கினு இருக்கிற மஞ்சுவுக்குத் தெரியுது. ஏம்மா அபிகாயிலு, மோகன்ராஜ் என் மச்சான்மா.

அபி: தெரியும் சார். ஒரு தடவகூடப் பாத்ததில்ல, அவ்ளோதான்.

கோவர்த்தனன்: அவரு பெங்களூர்ல பிசி.

அபி: செல்ஃபோன் கடையில. இங்க மாம்பழக் கூழு போடுற பல்ப் கம்பெனிக்கு ஆள் தயார் பண்ற மூணு மாச கோர்ஸு. கிளாஸ் எடுக்கிறது நானு. சர்டிஃபிகேட்டுல பேரு மட்டும் செல்ஃபோன் விக்கிறவருக்கு.

கோவர்த்தனன்: சரி சரி... மொதல்ல லட்டு எடு. சாமிகிட்ட போய் வந்த மனுஷன் கோவிந்தான்னு உக்காரல, அதுக்குள்ள போர்டாம்.

அபி: கோயில் பிரசாதம்னா எங்க வீட்ல துன்ன மாட்டாங்க. நான் துன்னுவேன். குடுங்க.

மஞ்சு: சார், கேக்கணும்னு நெனச்சேன். திருப்பதி மலையில மொட்ட போட்டா தலையில சந்தனம் பூசிக்கினு வருவாங்களே?

கோவர்த்தனன்: பூசினேன்... பஸ்ஸுல காத்து. காஞ்சி கொட்டிடுச்சு.

அபி: மீச?

கோவர்த்தனன்: மீசைக்கு இன்னா?

அபி: தல வழுக்குது, மீச அப்படியே இருக்குது.

கோவர்த்தனன்: வேண்டுதல் தலைக்கு மட்டும்தாம்மா. மீசைய நான் ஏன் வேண்டிக்கிறேன்?

மஞ்சு: எங்க யோகேஷ் செவ்வாக்கெழம சாயங்காலம் உங்கள நம்ம சித்தூர் பஸ் ஸ்டாண்டு சலூன்ல பாத்தானாம் சார். தலையில பாதி முடியோட.

கோவர்த்தனன்: யாரு, உன் தம்பியா? அவன் கண்ணு... அது... மேல ஒரே கூட்டம்மா. தரிசனம் மேல, முடி கீழ. சாமிக்குத் தெரியாதா? ஏன் சிரிக்கிற? நான் செவ்வாக்கெழம போனேன், சரி. நீயும் அன்னிக்கு லீவுதானே அபிகாயிலு? எங்க போன?

அபி: சந்திரகிரி. சித்தி பொண்ணு கல்யாணம்.

மஞ்சு: இரு இரு. இது உங்க லெந்து நோன்பு நாளாச்சே. இந்த நாள்ல உங்க சர்ச்சுல கல்யாணமே வைக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன?

அபி: பையன் வீட்டுக்காரங்க இந்துக்காரங்க.

மஞ்சு: செவ்வாக்கெழமையா? எங்காளுங்க செவ்வாக்கெழம பொண்ணு பாக்கக்கூடப் போக மாட்டாங்கடி!

அபி: ரிஜிஸ்டர் கல்யாணம்! போதுமா? உனக்கு யாரு சம்பளம் குடுக்கிறாங்க, சிபிஐயா?

கோவர்த்தனன்: விடு மஞ்சு. எல்லாருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும்.

அபி: சார், பேச்ச மாத்தாதீங்க. போர்டு.

கோவர்த்தனன்: நீ ஆசப்பட்டா போட முடியுமாம்மா? ட்ரெய்னர்னு ஒரு அட்ட, அத ஸ்கில் கவுன்சில்தான் குடுக்கணும். அதுக்கு டெஸ்ட்டு எழுதணும். திருப்பதியில வைப்பான். சாதாரண டெஸ்ட்டு இல்ல.

அபி: எப்படி சார் இருக்கும்?

கோவர்த்தனன்: மொதல்ல கம்ப்யூட்டர்ல கேள்வி. அது பரவால்ல. அப்பறம் ஒரு ரூமு. ஏசிய அப்படி வச்சிருப்பான், பல்லு கிட்டிக்கும். எதிர்ல ரெண்டு பேரு. அவங்க முன்னாடி பத்து நிமிஷம் நீ கிளாஸ் எடுத்துக் காட்டணும். அந்தப் பெரியவரு சிரிக்கவே மாட்டாரு. பக்கத்துல ஒரு அம்மா, பேனா மூடியக் கடிச்சிக்கினே நம்மளயே பாக்கும். நாக்கு ஒட்டிக்கும்.

அபி: பேனா இல்ல சார், பென்சிலு.

கோவர்த்தனன்: பென்சிலா?

மஞ்சு: உனக்கு எப்படிடி தெரியும்?

அபி: அதாவது... டீச்சருங்கன்னா பென்சில்தானே கடிப்பாங்க.

மஞ்சு: சாருக்கு எப்படி சார் இவ்ளோ வெவரம்?

கோவர்த்தனன்: கேள்விப்பட்டதும்மா. எனக்கு நாலு பேரு பழக்கம்.

அபி: நல்ல பழக்கம். சரி சார், இப்ப நீங்களே சொல்லுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ட்ரெய்னர் கேமரா முன்னாடி மூஞ்சக் காட்டித்தான் அட்டெண்டன்ஸ் போடணும்னு கவுன்சில்ல சொல்லிட்டாங்க. உங்க மச்சான் பெங்களூர்லேர்ந்து மூஞ்ச நீட்டுவாரா?

கோவர்த்தனன்: அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கினுதான் இருக்கிறேன்.

அபி: இன்னா ஏற்பாடு?

கோவர்த்தனன்: அது... நடந்தா சொல்றேன்.

அபி: ஏன் சார், என்னைய டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு ஒரு தடவகூட உங்களுக்குத் தோணலையா?

கோவர்த்தனன்: தோணாம இன்னா? தோணும். உடனே பயம் வரும். உனக்கு முன்னாடி கிளாஸ் எடுத்த கிரண்குமார அனுப்பினேன். பஸ்ஸு சார்ஜு, சாப்பாடு எல்லாம் நான். அட்ட வந்துச்சு, மறுவாரம் ஆளு நெல்லூர்ல. அப்பறம் ஹரிதா. அவ போய் வரேன்னுகூட சொல்லல. நீயும் போயிட்டா இந்தப் பசங்கள யாரு பாப்பாங்க? உன்ன மாதிரி கிளாஸ் எடுக்க ஆளு இல்லம்மா, நெஜமா சொல்றேன்.

அபி: அவங்க ஏன் போனாங்க? அட்ட வந்த பின்னாடியும் போர்டுல மச்சான் பேரு. அதான் போனாங்க. பேரு இருந்தா நான் ஏன் சார் போறேன்? எங்க வீட்ல காலேஜ் முடிச்ச மொத ஆளு நானு. எங்க நைனா பல்ப் கம்பெனியில பழ க்ரேட்டு தூக்குறாரு. இந்த வழியா பஸ்ஸுல போறப்பல்லாம் எட்டிப் பாக்கிறாரு. "இன்னும் உன் பேரு எழுதலயாம்மா?"ன்னு கேக்கிறாரு. பெயிண்ட்டு காயலன்னு எத்தன நாளைக்கு சார் சொல்றது?

மஞ்சு: சார்... போடலாமே சார்.

கோவர்த்தனன்: நீ சும்மா இரு.

அபி: கடைசியா ஒண்ணு கேக்கிறேன். எனக்கு அந்த அட்ட இருந்துச்சுன்னு வச்சிக்கோங்க. என் பேரு போடுவீங்களா?

கோவர்த்தனன்: இருந்தா... பாக்கலாம்.

அபி: போடுவீங்களா, மாட்டீங்களா?

கோவர்த்தனன்: மச்சான் பேர எடுத்தா வீட்ல எனக்கு சோறு இல்லம்மா. அவரு பேரு மேல இருக்கட்டும். கீழ உன் பேரு சின்னதா... "உதவி"ன்னு. அழகா, பச்ச கலர்ல போடலாம். இன்னா சொல்ற?

அபி: பச்ச.

கோவர்த்தனன்: ஆமா, உனக்குப் புடிச்ச கலர்தானே?

அபி: சரி சார். கேட்டுட்டேன். மனசுல இருந்தது போச்சு.

கோவர்த்தனன்: அப்பாடா. அதான் நல்ல பொண்ணுக்கு அழகு. ஆங்... அபிகாயிலு, ஒண்ணு கேக்கிறேன், தப்பா நெனைக்காத. மொத நாள் கிளாஸுல ஒரு கத சொல்லுவியே, உங்க அத்த கத... அது நெஜமா நடந்ததா?

அபி: ஞானசௌந்தரி அத்த கதையா? நெஜம்தான். இத்தன நாளா கேக்கல, இன்னிக்கி இன்னா?

கோவர்த்தனன்: சும்மாதான். வாசல்ல நின்னு கேப்பேன், நல்லா இருக்கும். அத்த கம்பெனியில பழம் பொறுக்கிக்கினு இருப்பாங்க. பழம் போற பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும். பக்கத்துல நிக்கிற பொம்பளைக்குக் கண்ணாடி வளையல் ஒடஞ்சிடும், ஒரு துண்டக் காணோம். பழத்தோட போயிட்டா? துன்றவன் தொண்ட இன்னா ஆவுறது? உங்க அத்த அங்க இருக்கிற செகப்பு பட்டன அமுக்கிடுவாங்க. கம்பெனியே நின்னுடும்...

மஞ்சு: சார் அப்படியே அபி மாதிரியே சொல்றாரு! கைகூட அதே மாதிரி!

கோவர்த்தனன்: முதலாளி "எவ நிறுத்தினது?"ன்னு கத்திக்கினு உள்ள ஓடி வருவாரு... அங்க எனக்கு டீ வந்துடும். போயிடுவேன்.

மஞ்சு: முழுசா கேட்டதே இல்லையா?

கோவர்த்தனன்: பத்தரைக்கு டீ வந்துடுதேம்மா! ஆறினா குடிக்க முடியாது.

அபி: அதான் சார் தப்பு. பாதிக் கதைய வச்சிக்கினு எங்கயும் போயிடக்கூடாது. மஞ்சு, இந்தா.

மஞ்சு: இன்னாடி இது? கிளாஸ் ரூம் சாவி எனக்கு எதுக்கு?

அபி: பசங்களுக்கு இந்த பேட்ச்சு பாடம் முடிச்சிட்டேன். பரீட்சைக்கு ஒரு சந்தேகம்னா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லு. ஃபேன் ரெண்டாவது ஸ்விட்ச்சு, மொத ஸ்விட்ச்சுல கைவச்சா ஷாக் அடிக்கும்.

கோவர்த்தனன்: ஏய்... எங்க கெளம்பிட்ட? நாளைக்கு வருவதானே?

அபி: பஸ்ஸுக்கு சார். திருப்பதி பஸ்ஸு.

கோவர்த்தனன்: திருப்பதியா? அங்க இன்னா?

அபி: புது சென்டர். திங்கக்கெழம சேர்றேன். போர்டு நேத்தே எழுதிட்டாங்க, நைனாவுக்கு ஃபோட்டோ அனுப்பிட்டேன். பெயிண்ட்டு காஞ்சிடுச்சு.

மஞ்சு: அடிப்பாவி! எங்கிட்டகூட சொல்லல!

அபி: சொன்னா நீ சாருக்கு டீயோட சேத்துக் குடுத்திருப்ப. அழாத, லட்டு துன்னு.

கோவர்த்தனன்: போர்டா? அட்ட இல்லாம எப்படிம்மா... ஏய், இரு... சரி, போறதுதான் போற, அத மட்டும் சொல்லிட்டுப் போ. அந்த வளையல் துண்டு கடைசியில எங்கதான் கெடச்சுது?

அபி: அதையேதான் சார் செவ்வாக்கெழம அந்தம்மா பென்சிலக் கடிச்சிக்கினு என்னையும் கேட்டாங்க. "காலையில சித்தூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு, தல நெறைய முடி, இதே அத்த கதைய பாதியில விட்டுட்டு முழிச்சாரு, நீயாவது முடிம்மா"ன்னாங்க. முடிச்சேன். சிரிக்கவே மாட்டாருன்னு சொன்னீங்களே, அந்தப் பெரியவரு, கண்ணத் தொடச்சிக்கினு சிரிச்சாரு. "எவ நிறுத்தினது"ன்னு கத்திக்கினு வந்தாரே முதலாளி, துண்டு அவரு செருப்புக்கு அடியிலதான் சார் இருந்துச்சு. வரேன்.