சூடானால் ஊமையாகும் பெட்டி

ஜூன் 14, வெள்ளிக்கிழமை.

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அந்த ஸ்பீக்கரின் கூம்பு காகிதம் என்று எழுதியிருந்தேன். இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். காகிதம் இல்லை, நெய்த இழை. மேலே பிசின் பூசியிருக்கிறார்கள். முன்பு ஒரு தடவை அதைத் திறந்தும் பார்த்திருக்கிறேன், அப்போது கவனம் வேறிடத்தில் இருந்தது. காகிதத்துக்கும் இழைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மாதம் ஒரு பொருளின் பின்னால் அலைந்திருக்கிறேன் என்றால், இந்த வேலை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. திருத்திவிட்டேன்.

மற்றதையும் இன்றே எழுதிவிடலாம். மாலை வகுப்பில் சார் ஒரு முறை சொல்லித் தந்திருக்கிறார்: பழுது என்ன, காரணம் என்ன, செய்தது என்ன, இந்த வரிசையில் எழுத வேண்டும். என்னால் அப்படி எழுத முடியுமா தெரியவில்லை. இதில் செய்தது முதலில் வருகிறது. பழுது அதற்குப் பிறகுதான் வருகிறது.

பகலில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். மாலையில் எலக்ட்ரானிக் ரிப்பேர் வகுப்பு. மிச்ச நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் தேடுகிறேன். இப்போது கடையில் விற்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சோப்பு டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்டதைப் போல ஒரு சத்தம். முன்னால் கலர் கலராக விளக்கு எரியும். ஜனங்கள் விளக்கைப் பார்த்து வாங்குகிறார்கள். மரப்பெட்டியில், கனமான காந்தம் வைத்து, ஒழுங்காகச் செய்த ஜோடிகளும் ஒரு காலத்தில் வந்தன. அவை இப்போது யார் யார் வீட்டிலோ மேஜைக்கடியில் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. மேலே குழந்தையின் செருப்பு இருக்கும்.

விலை தெரிந்தவனிடம் வாங்கினால் அது வெறும் கொள்முதல். தெரியாதவனிடம் வாங்கினால்தான் கண்டுபிடிப்பு. விளம்பரத்தில் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் போடுகிறவன் பக்கமே நான் போவதில்லை. ‘பழைய ஸ்பீக்கர், ஓடுமா தெரியாது’ என்று போடுகிறவர்கள்தான் என் ஆட்கள். நேரில் போனால் வேண்டிய பொருளைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் கிடக்கும் உடைந்த கீபோர்டுக்கு விலை கேட்க வேண்டும். எனக்கு இது சரியாக வருவதில்லை. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் பார்த்த உடனே பிடித்துவிட்டார்.

“என்ன தம்பி, கை கீபோர்டுல இருக்கு, கண்ணு ஸ்பீக்கர் மேல மேயுது?”

“சும்மா பாத்தேண்ணே.”

“சும்மா பாக்கறவன் முன்னாடிதான் பாப்பான். நீங்க பின்னாடி திருப்பிப் பாக்கறீங்க. வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு அது விலை ஏறிடும்.”

மறுநாள் ஏறியும்விட்டது. அந்தப் பொருளின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஆள். என் முகத்தைப் பார்த்து விலை வைக்கிறான்.

போன மாதம் ஒரு பேண்டின் நீளத்தைக் குறைக்கத் தையற்கார அக்கா ஒருவரிடம் போனேன். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, முன்னறைதான் கடை. தையல் மிஷினுக்குப் பின்னால் ஒரு மேஜை, அதன் மேல் அந்த ஜோடி. மூலைக்கு ஒன்றாக நான்கு பித்தளைத் திருகுகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒலிப்பதிவு அறைகளுக்கென்று ஒரு சின்னக் கம்பெனி கொஞ்சம் ஜோடிகள் மட்டும் செய்துவிட்டு மூடிப் போனது. நான் படத்தில் மட்டுமே பார்த்தவை. வலது பெட்டியின் முன்துணியில் குண்டூசிகள் குத்தியிருந்தன. அக்கா என்னிடம் பேசிக்கொண்டே வாயிலிருந்து இன்னொரு ஊசியை எடுத்து அதில் குத்தினார்.

அந்த நிமிஷமே அது என்னுடையது என்று எனக்குப் பட்டது. இதில் எனக்குத் தவறு தெரியவில்லை. ஊசி குத்த ஒரு பஞ்சுத் தலையணை போதும்.

“அதுல பாட்டு கேப்பீங்களாக்கா?”

“பாட்டு கேக்க ஏது தம்பி நேரம்? அது அண்ணனுக்கு.”

அண்ணன் என்றது அவர் கணவரை. அவர் பின்னறையில் இருந்தார். ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். ஏணியிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. தலையணை ஓரத்தில் ஒரு மைக் வைத்து, சுவர் வழியாக ஒயர் இழுத்து முன்னறைக் கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார்கள். ஸ்பீக்கரில் அவருடைய மூச்சு கேட்கும். நாள் முழுதும் அது மட்டும்தான் கேட்கும். சளி அடைத்தால் மூச்சில் ஒரு கரகரப்பு வரும். அக்கா மிஷினை விட்டு ஓடிப் போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துடைத்துவிட்டு வருவார்.

“மிஷின் ஓடும்போது அதெல்லாம் கேக்குமாக்கா?”

“சாதா ஸ்பீக்கர்ல கேக்காது. வாங்கிப் பாத்துட்டேன். இதுல அவர் எச்சி முழுங்கறதுகூடக் கேக்கும். அவரே காது வெச்சுத் தேடி வாங்கினது.”

ஒரு நல்ல ஸ்பீக்கரைப் பற்றி நான் கேட்டதில் மிகச் சரியான வார்த்தை அதுதான். அதைச் சொன்னவருக்கு அதன் அருமை தெரியவில்லை. உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு சில ஜோடிகளில் ஒன்று, சளி கரகரப்பதைக் கேட்பதற்கு. எழுந்து போய் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். அதற்குச் சோம்பல்.

புதுசு ஒன்று வாங்கித் தந்து கையில் பணமும் தருவதாகச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

“அவர் இருக்கற வரைக்கும் அது இங்கதான் தம்பி இருக்கும்.”

அந்தப் பேச்சை நான் வேறு எந்த விதத்திலும் எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த வாரம் வகுப்பில் சார், பிடி கொடுக்காத பழுதுகளைப் பற்றிச் சொன்னார். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால், பெட்டி ஆறியிருக்கும்போது ஓடும். சூடேறியதும் இணைப்பு விலகி ஊமையாகிவிடும். கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் மறுபடி ஓடும். ரிப்பேர் கடைக்குக் கொண்டுவரும்போது எப்போதும் ஓடும்.

நாங்கள் மொட்டை என்று கூப்பிடும் ஆள் கையைத் தூக்கினான். “அப்ப அதைக் கண்டுபிடிக்கவே முடியாதா சார்?”

“முடியும்டா. நீ கண்டுபிடிக்கறதுக்குள்ள வெச்சிருக்கறவன் கடுப்பாகி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பில் அந்த ஒரு பாடம் எனக்கு மட்டும்தான் உருப்படியாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் டிவி ரிமோட்டில் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டே சான்றிதழ் வாங்கிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்பீக்கரைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னேன். காசு வேண்டாம் என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீ போட உள்ளே போனார். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், தூசி துடைத்தேன், வலது பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, இரண்டு பெட்டிக்கும் ஒலி வந்து சேரும் இடத்தில் இருந்த ஈயத்தை இளக்கி, அது இறுகும் சமயம் கம்பியை லேசாக அசைத்துவிட்டேன். இதை முன்பின் செய்ததில்லை. சரியாக வந்ததா என்ற சந்தேகம் அன்று முழுக்க இருந்தது.

நடுவில் பின்னறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணனின் கட்டில் நேராகத் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் என் வேலையைச் சோதிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பேச்சில்லை. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, அப்படி அமைந்தது.

“அண்ணனுக்கு உங்களைப் புடிச்சிருச்சு தம்பி. பாருங்க, கண்ணை எடுக்காம பாக்கறார்” என்றார் அக்கா.

சில நாள் கழித்து போன் வந்தது.

“தம்பி, நடுநடுவுல ஊமையாயிடுது.”

போனேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். “நல்லாத்தானே ஓடுதுக்கா?”

“நீங்க வந்தா ஓடுது. டாக்டரைக் கண்டா காய்ச்சல் ஓடிப்போற மாதிரி.”

“வயசாயிடுச்சுக்கா அதுக்கு. நம்பி வெச்சுக்காதீங்க. நல்ல விலை கிடைக்கும்போதே தள்ளிவிட்டுருங்க.”

நம்பாதீர்கள் என்று நான் சொன்னேன். அது முக்கியம். யாராவது கேட்டால் அக்காவே அதைச் சொல்வார்.

அவர் விற்கவில்லை. அடிக்கடி எழுந்து போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார், தையல் பின்தங்கியது. பள்ளிச் சீருடைகள் மேஜையில் கழுத்துப்பட்டி இல்லாமல் குவிந்து கிடந்தன. அவர் பிடிவாதம் எனக்குப் புரியவில்லை. புதிய மலிவு ஸ்பீக்கரில் கேட்காது என்கிறார். நல்லதை அணைத்து அணைத்துப் போடுகிறார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் போனேன். விலையைப் பற்றிப் பேசத்தான். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடக் குமாஸ்தா வந்தார்.

“என்னம்மா இது, தண்ணி பம்பு ஓடுற மாதிரி ஒரு சத்தம்?”

அக்கா ஸ்பீக்கர் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தார்.

“பிள்ளைங்க போன வருஷச் சட்டையில தொப்புள் தெரிய நிக்குதுங்க. ஹெட்மாஸ்டர் என் உயிரை எடுக்கறார். இன்னைக்கா, நாளைக்கா?”

“சனிக்கிழமை குடுத்துடறேன் சார்.”

“போன சனிக்கிழமையும் இதே சனிக்கிழமையைத்தான் சொன்னே.”

அவர் போனதும் அக்கா எழுந்து குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். மூச்சு மறுபடி கேட்டது. மிஷினில் உட்கார்ந்தார். ஒரு சட்டை முடிந்தது, அடுத்த சட்டையில் மூச்சு நின்றது. மனிதனின் மூச்சைச் சொல்லவில்லை, ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. மிஷினின் இரைச்சலில் அக்காவுக்கு அது தெரியவில்லை, அவசரம் அவருக்கு. எனக்குத் தெரிந்தது. என்னுடையது கேட்டுப் பழகிய காது.

சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவராகக் கவனித்தால்தான் அந்தப் பொருளின் மேல் வெறுப்பு வரும், நான் சொன்னால் வராது. அதனால் உட்கார்ந்து விலை பேசினேன். அவர் கொஞ்சம் இறங்கியும் வந்தார். “மாசக் கடைசியில பாக்கலாம் தம்பி” என்றார். பேசியதெல்லாம் இரண்டு சட்டை தைக்கிற நேரம். இடைவேளை முடிந்துவிட்டது. “பாத்துக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளே போனபோதுதான் அக்கா பார்த்திருக்கிறார். முகம் நீலம் பாரித்திருந்ததாம்.

நேற்று போனேன். ஸ்பீக்கர்களைச் சீருடைத் துணியில் சுற்றி வாசல் பக்கம் வைத்திருந்தார்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. அதைப் பாத்தா எனக்குக் கை ஓடல. காசெல்லாம் வேண்டாம்.”

இலவசமாக வாங்குவது என் பழக்கம் இல்லை. பழுதான ஜோடிக்கு என்ன நியாயமோ அதைக் கொடுத்தேன். அவர் எண்ணவில்லை. வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீங்களும் இருந்தீங்கல்ல தம்பி. அந்த ஆள் போனப்புறம் நான் சத்தத்தைத் திரும்ப ஏத்தி வெச்சேனா? எனக்கு ஞாபகமே வரல.”

மற்றொரு கையால் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“அது ஒண்ணு தெரிஞ்சா போதும். ஏத்தியிருந்தா, விதின்னு நெனச்சுட்டு மறுபடி மிஷின்ல உக்காந்துருவேன். இல்லேன்னா நானே அவரைக் கொன்னுட்டேன்னு அர்த்தம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சு சனிக்கிழமை வந்து சொல்றேன்க்கா.”

வீட்டுக்கு வந்து ஈயத்தைச் சரியாக வைத்துவிட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. ஒற்றை வயலின் ஒன்றை ஓட விட்டேன். வாசிப்பவர் வில்லை எடுக்கும் முன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இந்த விலைக்கு இப்படி ஒரு ஜோடி இனி யாருக்கும் கிடைக்காது.

நான் எழுதும் எதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இதில் இல்லை. அவர் ஏற்றினார், நான் பார்த்தேன். பெட்டியை ஊமையாக்கியவன் நான், ஊமையானது தெரிந்தும் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். ஆனால் ஏற்றினீர்கள் என்று சொன்னால், அப்படியானால் மூச்சு ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் கிடைக்காமல் அந்த அக்கா வருஷக்கணக்கில் தவிப்பார். ஒரு மனுஷியை அப்படி விடுவது கொடுமை. முடிவாக ஒன்று தெரிந்துவிட்டால் மனம் மெல்ல ஆறிவிடும்.

நாளைய வேலை: காலையில் அலுவலகம் போகும் வழியில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் ஏற்றவில்லை என்று சொல்ல வேண்டும்.