காயல் சுந்தரன், முப்பது மில்லி

விலாசினி: வாங்க முதலாளி. இன்னிக்கு மூணு சுந்தரன் சிக்கியிருக்கான்.

தாசப்பன்: மூணுதானா? போன வாரம் நாலு. திருந்திட்டு வர்றேன்ல?

விலாசினி: திருந்தறதா! காயல் அடியில மட்டிச் சிப்பி வாரப் போனா, மட்டிக்கு முன்னாடி உங்க படகு வீட்டு ஷாம்பு பாட்டில் வலைக்குள்ள ஏறி உக்காருது. கட்டைவிரல் உசரம் இல்ல, பேரைப் பாருங்க... 'காயல் சுந்தரன்'!

தாசப்பன்: அது படகோட பேரு. என் மூஞ்சியைப் பார்த்து வச்சதுன்னு நெனச்சுடாதே.

விலாசினி: அந்தச் சந்தேகம் எனக்கு வந்ததே இல்ல.

தாசப்பன்: ...கொஞ்சம் யோசிச்சிட்டாவது சொல்லியிருக்கலாம்.

விலாசினி: மட்டி வேகுற அடுப்புப் புகை அங்கதான் அடிக்கும், இப்படி உக்காருங்க. கட்டன் சாயா இருக்கு.

தாசப்பன்: பாட்டில்ல போன் நம்பரை அடிச்சப்ப என்னென்னமோ கனவு. டெல்லிக்காரன் கூப்பிடுவான், வெள்ளைக்காரன் கூப்பிடுவான், ஆலப்புழையே வயிறெரியும்னு. கூப்பிட்டது நீ ஒருத்திதான்.

விலாசினி: 'உங்க சுந்தரன் என் வலையில மூச்சுப் பேச்சில்லாம கிடக்கான், வந்து எடுத்துட்டுப் போங்க'ன்னேன்.

தாசப்பன்: யாரோ தண்ணியில விழுந்துட்டான்னு லைஃப் ஜாக்கெட்டோட ஓடி வந்தேன்!

விலாசினி: பின்ன என்ன? ஒரு நாள் தங்குறவன் ரெண்டு சொட்டு தேய்ச்சுட்டு, மிச்சத்தை ஜன்னல் வழியா வீசிட்டுப் போறான். அந்த ரெண்டு சொட்டுக்கு ஒரு பாட்டில், ஒரு மூடி. அவன் ஊர் போய்ச் சேர்ந்து, கிழவனாகி, செத்து, காடாத்தும் முடிஞ்சிருக்கும். பாட்டில் மட்டும் என் மட்டி பக்கத்துல படுத்திருக்கும்.

தாசப்பன்: மட்டின்னதும் ஞாபகம் வருது... நீ முதமுதல்ல குடுத்ததுல, ஒரு பாட்டிலுக்குள்ள உயிரோட ஒரு மட்டி இருந்துச்சே?

விலாசினி: குஞ்சா இருக்கும்போது உள்ள போயிருக்கும். வளர்ந்தப்புறம் வெளிய வர பாட்டில் வாய் பத்தல.

தாசப்பன்: அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. பிளேடால பாட்டிலைக் கீறி, மட்டியைக் காயல்லயே விட்டேன். கீறின பாட்டில் இன்னும் சுக்கான் பக்கத்துலதான் தொங்குது.

விலாசினி: ...இதை நீங்க சொல்லவே இல்லையே.

தாசப்பன்: சொன்னா சிரிப்பே.

விலாசினி: சிரிக்கல.

தாசப்பன்: ...சாயாவுக்குச் சர்க்கரை போட்டியா?

விலாசினி: பேச்சை மாத்தாதீங்க. நானும் ஒண்ணு சொல்லணும்... தோணியை விக்கப் போறேன்.

தாசப்பன்: என்னது?

விலாசினி: ஞாயித்துக்கிழமை வாங்குற ஆள் வர்றான். எர்ணாகுளத்துல தம்பி வீட்டோட போய் இருந்துக்கப் போறேன். ஒண்டிக்கட்டையா இன்னும் எத்தனை நாள் இந்தத் தண்ணியில... மட்டியும் குறைஞ்சுபோச்சு.

தாசப்பன்: அண்டா விளிம்பு வரைக்கும் வெந்துட்டிருக்கு. குறைஞ்சுபோச்சாம்!

விலாசினி: அது... இன்னிக்கு மட்டும்.

தாசப்பன்: போகாதே விலாசினி.

விலாசினி: ஏன்? உங்க பாட்டிலைப் பொறுக்க ஆள் இருக்காதுன்னா?

தாசப்பன்: பாட்டிலே இல்ல.

விலாசினி: என்ன இல்ல?

தாசப்பன்: போன ஓணத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். குளியலறைக்கு ஒரு பெரிய பாட்டில், செவுத்தோட திருகி வச்சாச்சு. தீர்ந்தா கேன்ல இருந்து ஊத்துறோம். ஒரு அம்மா, 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போக ஒண்ணுமில்லையா'ன்னு சண்டைக்கே வந்தாங்க. அந்த மட்டி கதையைச் சொன்னேன்... அடங்கிட்டாங்க. இப்ப துறையில இன்னும் ஆறு படகு மாறியிருக்கு.

விலாசினி: அப்போ இத்தனை மாசமா வாரம் தவறாம வந்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டது?

தாசப்பன்: நீ கூப்பிட்டே, வந்தேன். நிறுத்திட்டேன்னு சொல்லியிருந்தா அப்புறம் கூப்பிட்டிருப்பியா? ...என்னை விடு. இந்த மூணையும் மோந்து பார்த்தேன். சேறில்ல, பாசியில்ல, பரண்மேல இருந்த புகை வாசனை அடிக்குது. இது எந்தக் காயல்ல பிடிச்சது?

விலாசினி: ஓணத்துக்கப்புறம் ரெண்டு வாரம் வந்துச்சு. அப்புறம் வலையில ஒண்ணுகூட ஏறல, சேட்டா. முன்னாடி அள்ளினதைச் சாக்குல கட்டிப் பரண்மேல வச்சிருந்தேன். வாரத்துக்கு மூணு, நாலுன்னு எடுத்து... இன்னியோட சாக்கு காலி. இனி எதைச் சொல்லி உங்களைக் கூப்பிடுறதுன்னு தெரியல, அதான் தோணியை விக்கறேன்னேன்.